வெற்றிடத்தின் காதில் ஒரு வெட்டு

டோர்ஸ்ஹவ்ன் துறைமுகம், பயணிகள் பட்டியல் அறை.
ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம்.
உள்ளே என் திரையில்
ஒன்றுமே இல்லாத இடங்கள்
ஒன்றைப்போல் ஒன்றில்லாமல் நிற்கின்றன.
நான் அவற்றுக்கு உடுப்புத் தேடுகிறேன்.

டேப்புக்கு மெல்லிய அம்பு, சாம்பலில்.
வரிக்கடைசியில் தொங்கும் வீண் இடைவெளிக்குப்
புள்ளிகள், மழை விட்ட கம்பியில் மிஞ்சிய துளிகளாக.
இரண்டு சொற்களை விலங்கிட்டு
ஒரே வரியில் நடத்திப்போகும்
பிரியா இடைவெளிக்குச் சிவப்பு.
அகலமே இல்லாத இடைவெளிக்கு?
அகலம் இல்லாத உடம்பில்
எந்தச் சட்டை நிற்கும்?

போன வெள்ளிவரை
இதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டில்லை.

வெள்ளியன்று சூரோய்த் தீவுக்குக் கடைசிக் கப்பல்.
காருக்குப் பின்னால் இழுவைப் பெட்டி,
பெட்டிக்குள் ஒரு கிடா,
கையில் சீட்டு. பெயர், ஆர்ம்கார் லாம்ஹவ.
அப்படி ஒருத்தி இல்லை என்றது கணினி.
ரன்வா மறுபடி தட்டினாள். இல்லை.
எழுத்தெழுத்தாகத் தட்டினாள். இல்லை.
"இங்கேதானே நிற்கிறேன்" என்றாள் அந்தப் பெண்.
கிடாவும் தன் பங்குக்குக் கத்தியது.
கப்பல் ஊதிவிட்டுப் போனது.

பெயர் இருந்தது.
பதினேழாம் வரியில், என் கண்ணெதிரே,
முதற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் நடுவே
எந்தக் கோப்பிலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த
பிரியா இடைவெளியோடு.
பார்க்கிறவனுக்கு அது வெறும் இடம்,
தேடுகிற கணினிக்கு வேற்றாள்.

எங்கள் மொழியில் ஓர் எழுத்து உண்டு.
எழுதுவோம், வாயால் சொல்ல மாட்டோம்.
அவள் பெயரின் கடைசியில் அது இருக்கிறது,
அவள் தீவின் நடுவிலும்.
ஒலிக்காத எழுத்தோடு வளர்ந்தவன் நான்.
தெரியாத எழுத்தைச் சந்தேகிக்க
எனக்கு ஒரு கிடா கத்த வேண்டியிருந்தது.

திங்கள் முழுக்க நிறம் பூசினேன்.
சாயங்காலத்துக்குள் பட்டியல்
திருவிழாத் தெருவாகிவிட்டது;
ஆட்களைத்தான் காணோம்.
எல்லாம் கூவினால் எதன் குரலைக் கேட்பது?
பாதியை அழித்தேன்.

ஹோக்னி காப்பியோடு வந்தான்.
பிரியாதது சிவப்பு, அகலமில்லாதது பச்சை என்று
பெருமையாகக் காட்டினேன்.
குனிந்து பார்த்தான், நெடுநேரம்.
"ரெண்டும் ஒரே சேறு" என்றான.
பதினோரு வருடமாக எதிர் நாற்காலி.
சிவப்பும் பச்சையும் அவன் கண்ணில் ஒன்றென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
"எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லையே."

வெள்ளி இரவு அந்தக் கிடா
பெட்டிக் கதவை முட்டித் திறந்து ஓடியதாம்.
கொள்கலன்களுக்கு நடுவே,
மலையிலிருந்து இறங்கி வந்த ஆடுகளோடு ஆடாக.
விளக்கில்லை. பிடித்துக் கொடுத்தவன் இவன்தான்.
எப்படிக் கண்டுபிடித்தாய்?

"காதைத் தடவினேன்.
இடக்காதில் நுனி வெட்டு,
வலக்காதின் பின்னோரம் ஒரு பிளவு.
அவள் சொன்னாள், என் விரல் படித்தது."

காப்பி ஆறியது.
நிறங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
பிரியா இடைவெளிக்கு அடியில் ஒரு கொக்கி.
அகலமில்லாததற்கு நெட்டுக்குத்துக் கோடு,
வரியின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் நீண்டு.
சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் இணைகோட்டுக்கு
மேல்விளிம்பில் சிறு வெட்டு.
அம்பு அப்படியே இருக்கட்டும்;
டேப் இதுவரை யார் வழியையும் மறித்ததில்லை.

ஹோக்னி ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னான்.
ஒன்றில் தடுமாறினான்.
அந்தக் கோட்டை இன்னும் தடிமனாக்கினேன்.

பிறகு, செய்திருக்க வேண்டாம்,
பழைய பட்டியல்களைத் திறந்தேன்.
ஏதோ ஒரு கோடையில், ஒரே பக்கத்தில்
ஒன்பது கொக்கிகள்.
ஒன்பது பேர் கப்பலேறினார்களா,
இந்த வாசலில் நின்று
தாங்கள் இருப்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார்களா?
பட்டியலில் அதற்கும் கட்டம் இல்லை.

செவ்வாய்க் கப்பலுக்கு
ஆர்ம்கார் பெயரை நானே தட்டினேன்,
ஒலிக்காத எழுத்தை விடாமல்.
நடுவில் ஒரு சாதாரண இடைவெளி,
எந்த உடுப்பும் இல்லாமல்.